காருக்குக் கணக்கு உண்டு, நேரத்துக்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

இடைத்தேர்தல் என்று அறிவித்துவிட்டால் அமைச்சர்கள் கூட்டமாக அந்தத் தொகுதிக்குக் குடிபோய்விடுவது நம் மாநிலத்தில் வழக்கமாகிவிட்டது. 2009 திருமங்கலம், 2015 ஆர்.கே. நகர், 2019 நாங்குநேரி, 2023 ஈரோடு கிழக்கு, 2024 விக்கிரவாண்டி என்று பாருங்கள். ஆளும் கட்சி மாறியிருக்கிறது, காட்சி மாறவில்லை. வார்டு வார்டாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் டீ ஆற்றுவார், இன்னொருவர் புரோட்டா போடுவார், படம் மறுநாள் பேப்பரில் வரும். இதில் நாங்குநேரிக்குத் தேர்தலே வந்திருக்க வேண்டியதில்லை. அங்கே எம்.எல்.ஏ.வாக இருந்தவர் பதவிக்காலம் முடியுமுன்பே கன்னியாகுமரியில் எம்.பி. ஆகிவிட்டார், அதனால் வந்தது.

அமைச்சர் ஓட்டுக் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவரும் கட்சிக்காரர்தான். நான்கு வருடம் கண்ணில் படாதவர் அந்தச் சாக்கிலாவது தெருவுக்கு வரட்டும். அவர் தெருவில் நிற்கும் நாட்களில் அவருடைய துறையை யார் பார்க்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. இதற்கு எந்த விதியிலும் பதில் இல்லை.

தேர்தல் நடத்தை விதிகள் அமைச்சரின் காரைப் பற்றி நிறையப் பேசுகின்றன. வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போகலாம், பிரசாரத்துக்குக் கூடாது. அரசுப் பயணத்தையும் ஓட்டுக் கேட்கும் பயணத்தையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. பிரதமருக்கு மட்டும் பாதுகாப்புக் காரணத்தால் விலக்கு உண்டு. அரசாங்கத்தின் ஆளையும் பொருளையும் தேர்தலுக்குத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1975 ஜூன் 12 அலகாபாத் தீர்ப்பு இருக்கிறது. இந்திரா காந்தி போட்டியிட்ட ரேபரேலி தொகுதியில் உத்தரப் பிரதேச அரசு அதிகாரிகள் மேடை போட்டுக் கொடுத்தார்கள், ஒலிபெருக்கிக்கு மின்சாரம் ஏற்பாடு செய்தார்கள், அரசு ஊழியரான யஷ்பால் கபூர் தேர்தல் வேலை பார்த்தார் என்பதற்காக நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா இந்திரா காந்தியின் வெற்றியையே செல்லாது என்றார். பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள், அந்த நவம்பரிலேயே உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு மாறியது, அது வேறு கதை. மேடைக்கும் மைக்குக்கும் இவ்வளவு கணக்குப் பார்க்கும் நாட்டில், ஓர் அமைச்சரின் மூன்று வார வேலைநேரம் யாருக்குப் போனது என்று எவரும் கேட்பதில்லை. அதற்கும் சம்பளம் கொடுப்பது நாம்தான்.

விதிகள் இறுகப் பிடிப்பது எல்லாம் எங்களைப் போன்றவர்களைத்தான். 2024 மக்களவைத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 16ஆம் தேதி அறிவிப்பு வந்தது, ஏப்ரல் 19ஆம் தேதி தமிழ்நாடு முழுக்க ஓட்டுப் போட்டு முடித்துவிட்டோம். ஆனால் மற்ற மாநிலங்கள் ஏழு கட்டமாக வாக்களித்து ஜூன் 4ஆம் தேதி எண்ணி முடிக்கும் வரை விதிகள் இங்கேயும் அமலில் இருந்தன. கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டம் கிடையாது. விவசாயிகள் குறைதீர் கூட்டமும் கிடையாது. வாசலில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள், மனுவைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். ரசீதும் கிடையாது, முகம் பார்த்துப் பேசவும் ஆளில்லை.

அப்பா காலமான பிறகு நிலத்தின் பட்டாவை என் பெயருக்கு மாற்ற அந்தச் சமயத்தில்தான் அலைந்தேன். கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் முதலில் நில ஆவணங்களான சிட்டா, அடங்கல் எங்கே என்பார்கள். குறுவை நெல் சாகுபடி நெருங்கிக்கொண்டிருந்தது. தாலுகா அலுவலகத்தில் கிடைத்த பதில்: "நடத்தை விதி இருக்கு சார், ஜூன் ஆகட்டும்." பட்டா பெயர் மாற்றத்துக்கு நடத்தை விதி எந்தத் தடையும் சொல்லவில்லை. அது புதுத் திட்டமும் அல்ல, சலுகையும் அல்ல, அன்றாட வேலை. உண்மைக் காரணம் அந்தக் குமாஸ்தா பிறகு மெதுவாகச் சொன்னார். தாசில்தார் ஒரு தேர்தல் கூட்டம் விட்டால் இன்னொன்று என்று ஓடிக்கொண்டிருக்கிறார், வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) பறக்கும் படையில் இருக்கிறார், வி.ஏ.ஓ. வாக்குச்சாவடி வேலையில். தேர்தல் வேலை செய்தாக வேண்டியதுதான், அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் வாக்குப்பதிவு முடிந்த பிறகும் மே மாதம் முழுக்க அதே பதில்தான் வந்தது.

பதவியையும் கட்சி வேலையையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது என்று நினைத்தவர் நம் ஊரிலேயே இருந்தார். 1963 அக்டோபர் 2ஆம் தேதி காமராஜர் முதலமைச்சர் பதவியை பக்தவத்சலத்திடம் விட்டுவிட்டுக் கட்சி வேலைக்குப் போனார். அவர் சொன்ன திட்டப்படி மத்திய அமைச்சர்களும் மற்ற மாநில முதல்வர்களும் சிலர் ராஜினாமா செய்தார்கள். அப்படிச் செய்தும் 1967இல் இங்கே காங்கிரஸ் தோற்றது, அவரே விருதுநகரில் தோற்றார் என்பதைச் சிலர் இப்போது ஞாபகப்படுத்துவார்கள். சரி, தோற்றார். முதலமைச்சர் சம்பளத்தில் இருந்துகொண்டு கட்சி வேலை பார்த்தார் என்று யாரும் சொல்ல முடியாதல்லவா?

இன்றைக்கு ராஜினாமா எல்லாம் யாரிடமும் எதிர்பார்க்க முடியாது. விடுப்பு எடுக்கச் சொல்லலாம். ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் மகள் கல்யாணத்துக்குக்கூட விடுப்புக் கடிதம் கொடுத்துவிட்டுத்தான் போகிறார். சொந்தத் தொகுதிக்கு வெளியே பிரசாரத்துக்குப் போகும் அமைச்சர் இத்தனை நாள் இருக்க மாட்டேன், என் துறையை இன்னார் கவனிப்பார் என்று ஒரு அறிவிப்பு கொடுத்துவிட்டுப் போகட்டும், அந்த நாட்களுக்குச் சம்பளம் வேண்டாம். இதற்குச் சட்டத்தில் வழியில்லை என்று சொல்ல முடியாது. 2016 அக்டோபரில் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்தபோது அவர் முதலமைச்சராகவே நீடிக்க, அவரிடமிருந்த துறைகளை ஆளுநர் ஓ. பன்னீர்செல்வத்துக்கு மாற்றிக் கொடுத்தார். உடம்புக்கு முடியாதபோது செய்ய முடிந்ததை, ஓட்டுக் கேட்கப் போகும்போதும் செய்யலாம்.

அப்புறம், குறைதீர்க்கும் கூட்டத்தை எதற்கு நிறுத்த வேண்டும்? அதில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருவது கலெக்டரும் அதிகாரிகளும். அமைச்சர் படம் இல்லாமல், அறிவிப்பு எதுவும் செய்யாமல் மனுவை மட்டும் வாங்கிப் பதில் சொன்னால் எந்தக் கட்சிக்கு அதில் லாபம்? குறைந்தபட்சம் ஒரு மாநிலத்தில் வாக்குப்பதிவு முடிந்த மறுவாரமே கூட்டம் மறுபடி நடக்கத் தேர்தல் ஆணையம் அனுமதிக்க வேண்டும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் நிருபர்கள் பிரசார வேனுக்குப் பக்கத்தில் மைக்கோடு நிற்கும்போது, எத்தனை ஆயிரம் ஓட்டு வித்தியாசம் என்ற கேள்வியோடு இதையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள்: "உங்க துறை ஃபைலை இந்த வாரம் யார் சார் பார்க்கிறாங்க?" பதிலை அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்,
மயிலாடுதுறை மாவட்டம்.