நூலக வலைவாசலுக்குத் தோள்கொடுத்த அனைவருக்கும் நன்றி

காரைக்குடி

அன்புடையீர், வணக்கம்.

நம் பல்கலைக்கழக நூலகத்தின் புதிய வலைவாசல், அதாவது ஆய்விதழ்களையும் மின்னூல்களையும் தேடிப் படிக்கும் இணையதளம், ஒரு கல்வியாண்டைக் கடந்துவிட்டது. பொறுப்பாளர் என்று என் பெயர்தான் அதில் இருக்கிறது. உழைத்தவர்கள் பலர். அதைச் சொல்லவே இந்த மடல்.

முதலில் ஆய்வு மாணவர்களுக்கு. பழைய பக்கத்தில் எல்ஸ்வியர், ஸ்பிரிங்கர் என்று பதிப்பகப் பெயர்கள்தான் வரிசையாக இருந்தன. தேட வருகிறவர் கையில் இருப்பது ஒரு கேள்வி; மிஞ்சினால் ஒரு கட்டுரைத் தலைப்பு. அதை எந்தப் பதிப்பகம் வெளியிட்டது என்று அவருக்கு எப்படித் தெரியும்? எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் தேடும் விதத்தைப் பொறுமையாகக் காட்டினீர்கள். அதை வைத்துத்தான் எல்லாவற்றையும் பாடவாரியாகப் பிரித்தோம், மேலே ஒரே ஒரு தேடல் பெட்டி வைத்தோம். 2025 ஜனவரியில் மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் தொடங்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் மத்திய, மாநில அரசுகளின் கல்வி நிறுவனங்களுக்குக் கிடைத்தன. அவ்வளவையும் வெறும் பெயர்ப்பட்டியலாகப் போட்டால் யார் படிப்பார்கள்?

அப்புறம், கணினி மையத்து நண்பர்கள். இதழ்களின் தளங்கள் பெரும்பாலும் வளாக இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரியைப் பார்த்துத்தான் உள்ளே விடும். அதே கட்டுரையை விடுமுறையில் தேவகோட்டையிலோ புதுவயலிலோ வீட்டிலிருந்து திறந்தால் பணம் கேட்கும். பல்கலைக்கழகக் கணக்கில் நுழைந்தாலே போதும் என்று செய்து கொடுத்தீர்கள். செல்போனிலும் ஒழுங்காகத் திறக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர்களும் நீங்கள்தான். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்கள் சார்பில் தனியாக ஒரு நன்றி.

மின்னிதழ்ப் பிரிவில் இருக்கும் அக்காவின் வேலை வெளியே தெரியாது. பதிப்பகங்கள் தளத்தை மாற்றும், இணைப்பு அறுந்துபோகும். சோதனைக்காகக் கொடுத்த அனுமதி சத்தமில்லாமல் முடிந்துவிடும். வாரந்தோறும் ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்த்து அவர் சரிசெய்கிறார். வலைவாசலைக் கட்டுவதைவிடப் பராமரிப்பதுதான் பெரிய வேலை என்பது என் உறுதியான எண்ணம். அக்கா, உங்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

தமிழ்த்துறைப் பேராசிரியர் ஐயாவுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். “சந்தா கட்டி வாங்குவதை மட்டும் முன்னால் வைத்தால் எப்படி? தமிழில் இலவசமாகக் கிடைப்பவை எங்கே?” என்று திட்டக்கூட்டத்தில் கேட்டவர் அவர். தமிழ் இணைய மின்னூலகமும், தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக்கி 1998 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் மதுரைத் திட்டமும் அப்படித்தான் முதல் பக்கத்துக்கு வந்தன. கூடவே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும். பக்கத்திலேயே இருக்கும் கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும்தான் இன்று சென்னையில் அந்த நூலகமாக இருக்கின்றன. நம் மாணவர்கள் அதை அறியாமல் பட்டம் வாங்கிப் போகக் கூடாது.

வரும் பருவத்தில் முதலாண்டு மாணவர்களுக்குத் தேடும் முறையைச் சொல்லித்தர மூத்த ஆய்வாளர்கள் சிலர் தாமாகவே முன்வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. திறக்காத இணைப்பு எது கண்ணில் பட்டாலும் தயங்காமல் எங்களுக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
நூலகர்