பழைய பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கியை வாங்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி வைத்துக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். உரிமம் பெறும் முறையை விரிவாக விளக்கிய அக்கட்டுரை, புதியது வாங்க இயலாதவர்கள் பிறர் பயன்படுத்திய பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன்னை, அதாவது ஒரே தோட்டாவில் பல ரவைகளைச் சுடும் துப்பாக்கியை, வாங்கிக்கொள்ளலாம் என்பதை மட்டும் ஒரே வரியில் சொல்லி நகர்ந்துவிட்டது. துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில், அந்த ஒரு வரியை நம்பி யாரும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடக் கூடாது என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

யோசனை தவறானதன்று. 1950-இல் வந்த ரெமிங்டன் 870, 1961-இல் வந்த மாஸ்பெர்க் 500 ஆகிய இரண்டு மாடல்களும் தலா ஒரு கோடிக்கு மேல் தயாரிக்கப்பட்டவை என்பதால் உதிரி பாகங்களுக்கு அலைய வேண்டியதில்லை. குழலுக்கு அடியிலுள்ள முன்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளி இயக்கும் எளிய அமைப்பு என்பதால் பல பத்தாண்டுகள் கழிந்தும் அவை நன்றாகவே உழைக்கின்றன. ஆனால் வாங்குவோரில் பெரும்பாலோர் வெளித்தோற்றத்தைப் பார்த்தே விலை பேசுகிறார்கள். காவல் பணியில் வண்டியிலும் தோளிலும் கிடந்த துப்பாக்கி, மேலெல்லாம் கீறலாக இருந்தாலும், சுடப்பட்டது குறைவாகவே இருக்கக்கூடும். நீர்ப்பறவை வேட்டைக்குச் சேற்றிலும் ஈரத்திலும் போய்வந்த ஒன்று, புது மெருகுடன் கைக்கு வந்தாலும் உள்ளே துருவேறியிருக்கலாம். மெருகைவிட, குழலின் உட்புறமே நம்பத்தக்க சாட்சி.

கையில் வாங்கியவுடன் தோட்டா அறையையும், குழலுக்குக் கீழே தோட்டாக்களை அடுக்கிவைக்கும் அடிக்குழாயையும் திறந்து, கண்ணால் பார்த்தது போதாதென்று விரலையும் விட்டுத் தடவி, காலிதான் என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிறகு குழலைக் கழற்றி வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், உட்சுவர் ஒரே சீராக ஒளிர வேண்டும். நடுவில் எங்கேனும் மோதிரம்போல் ஒரு கரிய வளையம் தெரிந்தால், குழலுக்குள் ஏதோ அடைத்திருந்தபோது யாரோ சுட்டதால் அவ்விடம் உப்பியிருக்கிறது என்று பொருள். அந்தக் குழலை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

தோட்டா அறையின் நீளத்தில்தான் விவரமறிந்தவர்களும் ஏமாறுகிறார்கள். 12 போர் (குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் எண்) தோட்டாக்கள் 70 மில்லிமீட்டரிலும் 76 மில்லிமீட்டரிலும் வருகின்றன. இந்த அளவு, சுட்டபின், முனையிலுள்ள மடிப்பு விரிந்த உறையின் நீளம். சுடுவதற்கு முன் மடிப்பு மூடியிருப்பதால், 76 மில்லிமீட்டர் தோட்டாவும் 70 மில்லிமீட்டர் அறைக்குள் தடையின்றிப் போய் உட்கார்ந்துவிடும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரும். எனவே உள்ளே போகிறதே என்று திருப்திப்படாமல், குழலில் பொறித்திருக்கும் அளவைப் படித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து, மருந்தில்லாத டம்மி தோட்டாக்களை நிரப்பி, தயங்காமல் முழு வேகத்தில் இழுத்துத் தள்ளிப் பார்ப்பது அவசியம். அடிக்குழாயிலிருந்து ஒவ்வொரு தோட்டாவாக விடும் தடுப்புகள் தேய்ந்தோ தளர்ந்தோ இருந்தால், தோட்டா நேரங்கெட்ட நேரத்தில் நழுவி வந்து இயக்கத்தையே பூட்டிவிடும். பழுதுக்கு வரும் துப்பாக்கிகளில் நான் அடிக்கடி காணும் கோளாறு இது. தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டான சேஃப்டியைப் போட்டுவிட்டு விசையை அழுத்தி விடுவித்த பின், சேஃப்டியை நீக்கும்போது, தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியல் தானாக விழுந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வின்செஸ்டர் 1897, பழைய இதாகா 37 போன்ற சிலவற்றில் விசையை அழுத்தியபடியே முன்பிடியைத் தள்ளினால் தோட்டா உடனே சுடப்பட்டுவிடும். அது பழுதன்று, வடிவமைப்பே அப்படி. ஆனால் பதற்றத்தில் விரல் விசையிலேயே இருந்துவிடக்கூடிய புதியவர் கையில் அவற்றைக் கொடுக்க நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

துணைக்கருவிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வேட்டைக்கான 71 சென்டிமீட்டர் குழல் வீட்டுக்குள் திரும்பச் சிரமம் தரும் என்பது உண்மையே. அதற்காக ரம்பத்தால் அறுத்த குழலை வாங்கினால் சட்டச் சிக்கலையும் சேர்த்தே வாங்குகிறோம். அந்த மாடலுக்கென ஆலையில் செய்த குறுகிய குழலை மாற்றிக்கொள்ளலாம். வரிசை எண் அழிக்கப்பட்டிருந்தால் பேச்சையே அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.

இத்துப்பாக்கிகளின் சேஃப்டி பெரும்பாலும் விசையை மட்டுமே தடுக்கிறது. கீழே விழுந்த அதிர்ச்சியில் சுத்தியல் விடுபடாது என்று அது உத்தரவாதம் தருவதில்லை. ஆகவே அறைக்குள் தோட்டாவை வைத்து வீட்டில் சாய்த்துவைப்பது கூடவே கூடாது. குழந்தைகள் நடமாடும் வீட்டில் பூட்டிய பெட்டி இல்லையென்றால், துப்பாக்கிக்கு முன்பே அந்தப் பெட்டியைத்தான் வாங்க வேண்டும். பெரிய ரவைகள் சாதாரணத் தடுப்புச் சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குள் செல்லக்கூடியவை. அங்கே உறங்குபவர் யார் என்பதையும் நினைத்தே தோட்டாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்த முறை இத்தகைய கட்டுரையை வெளியிடும்போது, விலை பேசி முடிப்பதற்கு முன் தேர்ந்த பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் காட்டிச் சோதிக்கும்படியும், கழற்றிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம் என்றும் வாசகர்களுக்கு அறிவுறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்