பச்சை உடம்புக்காரிக்குத் துணையிருக்க 15 நாள் கொடுங்கள்

நீலகிரித் தேயிலைத் தோட்ட நிர்வாகங்களுக்கும் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கும், கூலி ஒப்பந்தப் பேச்சில் எங்கள் சார்பில் உட்காரும் சங்கத் தலைவர்களுக்கும் வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். நாங்கள் குடியிருக்கும் லயன் என்கிற வரிசை வீடுகள், எங்கள் ஷிப்ட், எங்கள் கூலி எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் எங்கள் நோட்டீஸ் போர்டில் ஒரு மெமோ ஒட்டியிருந்தார்கள். இலை வாட்டும் மாடியில் வேலை செய்யும் தம்பி ஒருவர் முன் அனுமதி இல்லாமல் வேலைக்கு வரவில்லையாம், விளக்கம் தர வேண்டுமாம். அவர் மனைவிக்குச் சிசேரியன் ஆகி ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். அனுமதி கேட்கத்தான் ஆபீசுக்குப் போனார். "பிரசவம் ஆனது உனக்கா, உன் பொண்டாட்டிக்கா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார்கள். சுற்றி நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள்.

பிரசவம் அவர் மனைவிக்குத்தான் ஆனது ஐயா. அதனால்தான் அந்தப் பெண்ணால் எழுந்து ஒரு குடம் தண்ணீர் எடுக்க முடியவில்லை, அதனால்தான் அவர் வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். மனைவிக்குப் பிரசவம் ஆனால் கணவனுக்குச் சம்பளத்தோடு 15 நாள் விடுப்பு வேண்டும். அது அடுத்த ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

சிசேரியன் என்றால் வயிற்றை அடுக்கடுக்காகத் திறந்து, கர்ப்பப்பையையும் வெட்டி, திரும்பத் தைப்பது. வெளித்தையல் காய்ந்துவிட்டதுபோல் தெரிந்தாலும் உள்ளே ஆறுவதற்கு ஆறு வாரமாவது ஆகும். அதுவரை குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்றுதான் டாக்டர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். படுக்கையிலிருந்து நேராக நிமிர்ந்து எழ முடியாது, ஒருக்களித்துக் கையை ஊன்றித்தான் எழ வேண்டும். இருமல் வந்தால் தையல்மேல் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். நம் மலைக் குளிரில் இருமல் யாருக்குத்தான் வராது? என் மனைவி இருமும்போது அந்தத் தலையணையை நானும் சேர்த்துப் பிடித்திருக்கிறேன். வலியில் அவள் விரல் என் கையில் பதிந்துவிடும். சுகப்பிரசவம் என்றாலும் லேசு என்று நினைத்துவிட வேண்டாம். கீழே தையல், வாரக்கணக்கில் உதிரப்போக்கு, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுப்பது எல்லாம் அதிலும் உண்டு.

இனி எழுதப்போவதை அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குக் குழந்தை பிறந்தது ஐப்பசி மழையில். தாய் சேய் வாகனம் ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டது. அதற்குக் கீழே லயனுக்குப் படிக்கட்டுதான். கழிப்பறை லயனின் கடைசியில், இன்னும் சில படி இறங்கி இருக்கிறது. மழைக்காலத்தில் அந்தப் படியெல்லாம் பாசி. தையல் போட்ட பெண் ஒரு கையைச் சுவரிலும் ஒரு கையை வயிற்றிலும் வைத்துக்கொண்டுதான் இறங்க முடியும். குடையை யார் பிடிப்பது? டார்ச்சை யார் அடிப்பது? உள்ளே அழுகிற குழந்தையை யார் தூக்குவது? கரடி வந்து கடைக் கதவை உடைத்துவிட்டுப் போகிற ஊர் இது. பகலிலேயே பார்த்துத்தான் நடக்கிறோம்.

கொழுந்து வரத்து அதிகமான சீசன் என்பதால் எனக்கு நைட் ஷிப்ட் போட்டிருந்தார்கள். மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன், ஆள் இல்லை என்றார்கள். லீவு போட்டால் சம்பளம் கிடையாது. பால் மாவு வாங்க வேண்டாம், தாய்ப்பால் இருக்கிறது, சரி. ஆனால் மருந்துக்கும் பத்தியச் சாப்பாட்டுக்கும் பணம் வேண்டுமே. போனேன்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். குடித்தால் ராத்திரி வெளியே போக வேண்டும், போனால் துணைக்கு ஆள் இல்லை. பால் கொடுக்கிற தாய்க்குத் தாகம் எப்படி எடுக்கும் என்று உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். நாக்கு வறண்டு கிடந்தும் பிளாஸ்க்கில் நான் ஊற்றி வைத்துவிட்டுப் போன வெந்நீரைத் தொடாமல் விடியும்வரை காத்திருந்தாள். என்னிடம் சொல்லவும் இல்லை. காலையில் பிளாஸ்க்கைத் தூக்கினால் கனமாகவே இருக்கும், குழந்தையோடு தூங்கிவிட்டாள் போல என்று நினைத்துக்கொள்வேன். கொஞ்ச நாளில் சிறுநீர் போகும்போது எரிச்சல், மலச்சிக்கல், முக்கினால் தையலில் வலி, அப்புறம் காய்ச்சல்.

வீட்டுக்குப் பார்க்க வந்த நர்ஸம்மாதான் கண்டுபிடித்தார். காய்ச்சலைப் பார்த்துவிட்டு, தையலைப் பார்த்துவிட்டு, "ராத்திரி யாரும்மா கூட இருக்காங்க?" என்று கேட்டார். அதற்கு என் மனைவி வாயைத் திறக்கவில்லை. அழுதாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

உடம்புக்குச் சொன்னதெல்லாம் மனசுக்கும் உண்டு. பிள்ளை பெற்ற முதல் இரண்டு வாரம் காரணம் இல்லாமல் அழுகை வருவது பல பெண்களுக்கு உள்ளதுதான், தானாகச் சரியாகிவிடும். அதையும் தாண்டி நீடித்தால், குழந்தை தூங்கும்போதுகூடத் தாய்க்குத் தூக்கம் வராவிட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், நான் இல்லாவிட்டாலே இந்தப் பிள்ளை நன்றாக இருக்கும் என்று பேசினால், அது மருத்துவம் பார்க்க வேண்டிய நோய். நம் லயன்களில் இதற்குக் காத்து கருப்பு என்று பெயர் வைத்து, தாயத்துக் கட்டி, விபூதி அடித்து நாளைக் கடத்துகிறார்கள். 14416 என்று டெலி மானஸ் உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. ஆனால் அவளுக்கு இது வந்திருக்கிறது என்று முதலில் கவனிக்க, பக்கத்தில் ஓர் ஆள் முழித்திருக்க வேண்டும் அல்லவா? அந்த ஆளைத்தானே நீங்கள் தேயிலை உலர்த்தும் டிரையர் முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்?

முந்தி எல்லாரும் இப்படித்தானே பிள்ளை பெற்றார்கள் என்று கேட்பீர்கள். முந்தி லயனில் ஆள் இருந்தது. அம்மா இருந்தாள், அத்தை இருந்தாள், பக்கத்து வீட்டுப் பாட்டி பூண்டும் கருப்பட்டியும் இடித்துக் கொடுத்தாள். இப்போது பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள், அம்மாக்களும் பேரப்பிள்ளை பார்க்கக் கூடவே போய்விட்டார்கள். இருக்கிற பெண்கள் காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடத்துக்கு, போனால் சாயங்காலம் கொழுந்தை எடை போட்டுவிட்டுத்தான் திரும்புகிறார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் நீங்கள் கூட்டிவந்திருக்கும் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெண்களுக்குத் தாய்வீடு இரண்டு மூன்று நாள் ரயில் தூரத்தில். பேச்சு நமக்குப் புரியாது, நம் பேச்சு அவர்களுக்குப் புரியாது. கணவனைத் தவிர அவர்களுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்?

தாய்க்கு 26 வாரம் மகப்பேறு விடுப்பு 2017-லிருந்து சட்டத்தில் இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பணமும் பெட்டகமுமாக 18,000 ரூபாய் அரசு கொடுக்கிறது. அதில் வந்த பேரீச்சம்பழமும் நெய்யும் எங்கள் வீட்டிலும் உதவியது, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் பணம் வந்து குழந்தையைத் தூக்கி மடியில் வைக்காது. படியில் கை பிடிக்காது.

மத்திய அரசு வேலையில் இருக்கும் ஆணுக்கு, இரண்டு குழந்தை வரைக்கும், மனைவியின் பிரசவத்துக்கு 15 நாள் விடுப்பு உண்டு. இதே மலையில், எங்கள் பிள்ளைகள் பிறக்கும் அதே ஊர்களில், அந்த விடுப்பை எடுத்து மனைவிக்குத் துணையிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மனைவிக்கு ஆறுகிற தையல்தான் எங்கள் மனைவிக்கும் ஆற வேண்டும். மனைவியின் பிரசவத்துக்காக விடுப்புக் கேட்ட காவல் ஆய்வாளர் ஒருவரின் வழக்கில், தந்தைக்கான விடுப்புக்கு நம் நாட்டில் சட்டம் தேவை என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2023-ல் சொன்னது. சட்டம் வரும்போது வரட்டும். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சட்டம் வரவேண்டும் என்ற அவசியம் இல்லையே.

எழுத எழுத ஆத்திரம் வருகிறது. பழைய துரை பங்களாக்கள் எத்தனையோ இன்று தங்கும் விடுதிகள். அங்கே சுவிட்சைத் தட்டினால் வெந்நீர். பிள்ளை பெற்றவள் குளிக்க நாங்கள் ஈர விறகை ஊதிக்கொண்டு கிடக்கிறோம். வீட்டுக்குள் கழிப்பறை கேட்டு எத்தனை மனு கொடுத்தாயிற்று! பிள்ளைக் காப்பகமும் மருத்துவ வசதியும் தோட்டத்தின் பொறுப்பு என்று 1951-லேயே சட்டம் எழுதினார்கள். இன்று எத்தனை தோட்டத்தில் டிஸ்பென்சரி திறந்திருக்கிறது என்று சங்கத் தலைவர்களுக்கே தெரியும். அவர்களையும் கேட்கிறேன். போனஸுக்கு வாயிற்கூட்டம் போடுகிறீர்கள், நல்லது. பிரசவம் என்றால் மட்டும் பொம்பளை சமாச்சாரம் என்று ஒதுங்கிக்கொள்கிறீர்களே, கொழுந்து பறிப்பதில் பெரும்பாலானவர்கள் யார்?

மன்னிக்க வேண்டும். கேட்க வந்ததற்குத் திரும்புகிறேன்.

லீவு கொடுத்தால் டாஸ்மாக்கில்தான் போய் நிற்பான் என்று ஒரு அதிகாரி சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நிற்கிறவன் லீவு இல்லாமலும் நிற்கிறான். அவனைக் காட்டி, மனைவியின் உதிரத் துணியைத் துவைத்து, வெந்நீர் வைத்து, அவள் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கக் குழந்தையைத் தோளில் போட்டு நடக்க நினைக்கிறவனுக்கு ஏன் மறுக்க வேண்டும்? செலவு என்றும் சொல்ல வேண்டாம். இளம் ஜோடிகளே குறைந்துபோன தோட்டங்களில் வருஷத்துக்கு எத்தனை பிரசவம் நடக்கிறது என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆள் கிடைக்கவில்லை, இளைஞர்கள் மலையில் தங்குவதில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் வருத்தப்படுகிறீர்கள். பிள்ளை பெற்று வாழ முடிகிற இடமாக இருந்தால் ஏன் போகப்போகிறார்கள்?

ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பேச்சுவார்த்தையில் இந்தக் கோரிக்கையைச் சங்கங்கள் எழுத்தில் வைக்க வேண்டும், நிர்வாகங்கள் ஏற்க வேண்டும்: மனைவியின் பிரசவத்துக்குக் கணவனுக்குச் சம்பளத்தோடு 15 நாள் விடுப்பு. நிரந்தரத் தொழிலாளிக்கும், தற்காலிகத் தொழிலாளிக்கும், வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்களுக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் நாளிலிருந்து அதைக் கணக்கிடலாம். சாட்சிக்குக் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கொடுக்கிற பிக்மி எண்ணோ தாய் சேய் அட்டையோ போதும், வேறு காகிதம் கேட்டு அலைய விடாதீர்கள். அந்த 15 நாள் முடிந்த பிறகும் ஆறு வாரம் வரைக்கும் நைட் ஷிப்ட் போடாமல் இருந்தால் இன்னும் நல்லது.

ஒப்பந்தம் கையெழுத்தாக மாதங்கள் ஆகலாம். அந்தத் தம்பிக்குக் கொடுத்த மெமோவைத் திரும்பப் பெற அவ்வளவு நாள் வேண்டாம். இந்த வாரமே செய்யுங்கள், பிடித்த சம்பளத்தையும் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரி வட்டாரத் தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவன்