செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகிகளே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கோவை கணபதி வட்டாரத்தில் லேத், மில்லிங், வெல்டிங் என்று ஜாப் ஆர்டர் எடுத்துப் பிழைக்கிற பட்டறைக்காரர்களின் சங்கம் இது. செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஆயுத பூஜைக்குப் பொரி, சுண்டல் வழங்கப்பட்டது. கண் பரிசோதனை முகாம் நடந்தது. மின்சார நிலைக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி மற்ற சங்கங்களோடு சேர்ந்து மனு கொடுத்தோம். மனு கொடுத்தபடியே இருக்கிறது.

இனி, "செயலாளர் சங்கப் பணத்தில் வெடிகுண்டு விளையாட்டு விளையாடுகிறார்" என்று டீக்கடையில் பேசப்படும் விஷயத்துக்கு வருகிறேன். அதாவது, கண்ணிவெடி அகற்றும் ரிமோட் இயந்திரத்தின் சின்ன மாதிரி ஒன்றைச் செய்து ஓட்டிப் பார்த்தோமே, அது.

"ஏனுங்க, கோயமுத்தூர்ல எங்கீங்க கண்ணிவெடி?" என்று சென்ற பொதுக்குழுவிலேயே கேட்டார்கள். இங்கே இல்லை. இலங்கையில், யாழ்ப்பாணம் போகும் வழியில் முகமாலையில் இருக்கிறது. போர் முடிந்தது 2009இல். அங்கே இன்னமும் முழங்காலிட்டு, கையால் மண்ணைச் சுரண்டி வெடி எடுக்கிறார்கள், அதில் பெண்கள் நிறையப் பேர். இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. நிலத்தைச் சுத்தம் செய்து முடிக்க அதற்குக் கெடு 2028 ஜூன். (இந்தியா அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. அது நம் சங்கத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதும் அல்ல.)

கையால் எடுக்கும் வேலையின் ஆபத்தைக் குறைக்கத்தான் ரிமோட் இயந்திரம். குரோவேஷியாவில் செய்யும் எம்வி-4, ஸ்லோவாக்கியாவின் போசெனா ஆகியவற்றின் முன்னால் ஓர் உருளை, அதில் வரிசையாகச் சங்கிலி, ஒவ்வொரு சங்கிலி நுனியிலும் ஒரு சுத்தியல். உருளை சுற்றும்போது சுத்தியல்கள் மண்ணை அடித்துக் கிளறும். அடியில் வெடி இருந்தால் வெடிக்கும், இல்லை உடைந்து சிதறும். இயக்குபவர் தூரத்தில் நிற்பார். 1942இல் எல் அலமைனில் பிரிட்டிஷ் படை மட்டில்டா டாங்கியில் இதே சங்கிலியைக் கட்டியபோது, உருளையைச் சுற்றும் என்ஜினைக் கவனிக்க ஒரு ஆள் டாங்கியின் பக்கவாட்டுப் பெட்டிக்குள் உட்கார்ந்து புழுதியைத் தின்றார். அந்த ஆளைக் கீழே இறக்கியதுதான் ரிமோட் செய்த வேலை.

இதில் நமக்கு என்ன? சுத்தியல் தேயும், சங்கிலி அறும். டாங்கி எதிர்ப்பு வெடி ஒன்று வெடித்தால் சில சங்கிலிகள் போன இடம் தெரியாது. இயந்திரம் வாங்குவது ஒரு தடவை. சுத்தியல் வாங்குவது வருஷம் பூராவும். கல் உடைக்கும் கிரஷருக்குத் தாடை வார்க்கிறவர்களும் உழுகிற ரோட்டவேட்டருக்குக் கத்தி அடிக்கிறவர்களும் நம்மிடமே இருக்கிறார்கள்.

அதனால் பழைய பவர் டில்லர் என்ஜினையும் ஒரு கிரேன் ரிமோட்டையும் வைத்துச் சின்ன மாதிரி ஒன்று செய்து, அன்னூர் பக்கம் ஓர் உறுப்பினரின் தரிசுக் காட்டில் ஓட்டினோம். வெடி எதுவும் வைக்கவில்லை என்பதை டீக்கடைக்காகப் பதிவு செய்கிறேன். ஐரோப்பியச் சோதனை முறைப்படி ஃபைபர் பலகைகளை மண்ணுக்குள் குறுக்கே செங்குத்தாகப் புதைத்து, மேலே இயந்திரத்தை விட்டு, அப்புறம் தோண்டி எடுத்தோம். சுத்தியல் எங்கே எவ்வளவு ஆழம் போனது என்பது பலகை விளிம்பில் அப்படியே தெரியும். மெதுவாக ஓட்டினால் விளிம்பு மட்டமாக வந்தது. வேகம் கூட்டினால் இடையிடையே அடிபடாத மேடு நின்றது. உள்ளங்கை அளவு வெடி தப்பிக் கிடக்க அந்த மேடு போதும். அதனால்தான் இயந்திரம் போன நிலத்திலும் பொதுவாக ஆளோ நாயோ மறுபடி போய்ப் பார்க்கிறார்கள்.

சுத்தியலில் தெரிந்துகொண்டது இன்னும் முக்கியம். மாங்கனீசு எஃகு அடிபட அடிபட இறுகும். கல் உடைக்கிற தாடைக்கு அது சரி. கல் இல்லாத இளகின மண்ணில் அந்த அடி கிடைக்காததால் இறுகாமலே தேய்ந்தது. சாதாரண எஃகு நுனியில் ஹார்ட் ஃபேசிங் ராடு (தேய்மானம் தாங்கும் வெல்டிங் பூச்சு) ஓட்டியது அதைவிட நின்றது. முகமாலை மணற்பாங்கான பூமி என்பதால் இது நமக்கு லாபமான சேதி.

அன்று காட்டுக்கு வந்தவர்கள் ஒரு வேனுக்குள் அடங்கினார்கள். வாட்ஸ்அப்பில் கட்டை விரலைத் தூக்கியவர்கள் ஏராளம். உருளைக்கு ஷாஃப்ட் கடைந்து தருவதாக இதே மேடையில் ஒத்துக்கொண்ட ஒருவர், கல்யாணம், சீர், ஊர் நோம்பி என்று நாள் கடத்தி, கடைசியில் போனையே எடுக்கவில்லை. பெயர் வேண்டாம். வெளியில் காசு கொடுத்துக் கடைந்தோம். கணக்கில் 'இதர செலவு' கூடியிருப்பதற்குக் காரணம் அதுதான்.

சந்தா பாதிக்கு மேல் பாக்கி. வருஷக்கணக்காகக் கட்டாதவர்கள்தான் மைக்கை விடுவதில்லை. சங்கப் பணம் எங்கே போயிற்று என்று கேட்கிறவர்கள் முதலில் தங்கள் சட்டைப் பையில் தேடலாம்.

வரவு செலவைப் பொறுத்தவரை, முந்தைய கையிருப்பு, சந்தா, நன்கொடை, மலர் விளம்பரம் ஆகியவை வரவு. வாடகை, மின்சாரம், முகாம், மேற்படி சோதனை, இதரம் ஆகியவை செலவு. பற்றாக்குறை சிறிதுதான். தணிக்கையாளர் பார்த்துவிட்டார்; பொருளாளர் விரிவாக வாசிப்பார். தலைவருக்கும், காடு கொடுத்தவருக்கும், வேன் கொடுத்தவருக்கும், மண்டபத்தாருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் சுத்தியலை யாரிடம் விற்பது என்ற கேள்வி நியாயமானது. ராணுவத் தளவாடத் தொழிலுக்காக அறிவித்த தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையும் ஒரு மையம். ஆவடியில் உருவாக்கிய முந்த்ரா என்ற ஆளில்லா வண்டியில் கண்ணிவெடி கண்டறியும் வகையும் உண்டு. கதவு அங்கே இருக்கிறது, தட்டத்தான் ஆள் வேண்டும். அதுவரை உருளையைச் சும்மா வைத்திருக்கத் தேவையில்லை. தென்னை மட்டை நொறுக்க ஆகுமா என்று பொள்ளாச்சிப் பக்கமிருந்து கேட்டிருக்கிறார்கள்.

நான் இந்தப் பொறுப்பில் தொடர்வது உறுப்பினர் விருப்பம். உடம்பும் முன்போல் இல்லை. ரிமோட்டும் இரண்டாம் செட் சுத்தியலும் என் பட்டறையில் இருக்கின்றன. யார் வந்தாலும் எழுதி வாங்கிக்கொண்டு ஒப்படைக்கத் தயார்.

பாக்கிப் பட்டியல் வாசலில் ஒட்டியிருக்கிறது. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், ஜிபேயும் உண்டு. சாப்பாடு ஒரு மணிக்கு.

இப்படிக்கு,
செயலாளர்