இடமாற்றக் கடிதத்தில் இல்லாத விபரம்

மத்திய மாகாண ஆளுநர் அவர்களுக்கும் மாகாணக் கல்விச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

தோட்டப் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரில் நானும் ஒருவன். ஓர் ஆசிரியர் பிள்ளையிடம் தவறாக நடந்துகொண்டார் என்ற பேச்சு எழுந்தால் மலையகத்தில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. லயத்தில் நாலு பேர் கூடிச் சத்தம் போடுவார்கள். அதிபர் சமாதானம் பேசுவார். பாடசாலையின் பெயர் கெடக்கூடாது, பொம்பளப் பிள்ளையின் எதிர்காலம் முக்கியம் என்று பெரியவர்களும் சேர்ந்துகொள்வார்கள். கொஞ்ச நாளில் அந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்று வேறொரு தோட்டத்துக்குப் போய்விடுவார். சில வேளை மாலை போட்டுப் பிரியாவிடையும் நடக்கும்.

அங்கே இருக்கும் அதிபரின் கைக்கு வருவது ஒரு பக்கக் கடிதம். பெயர், பாடம், கடமையேற்க வேண்டிய திகதி, அவ்வளவுதான். கணித ஆசிரியர் வரமாட்டாரா என்று தவணைக் கணக்கில் காத்திருந்த மனிதர் அவர். வந்தவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்கவா போகிறார்? சுயவிபரக் கோவை பிறகு வந்து சேரும். வந்தாலும் என்ன, முறைப்பாட்டை எழுத்தில் எடுக்காமல் பேசித் தீர்த்த விஷயம் கோவையில் ஏறியிருக்காது.

அரச சேவையை விட்டே விலகியவருக்கு வழி இன்னும் லேசு. முன்பள்ளி, டியூஷன் வகுப்பு, சர்வதேசப் பாடசாலை என்று எங்கும் போகலாம். சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகளாகப் பதிவானவை, கல்வித் திணைக்களத்தின் கை அங்கே எட்டாது. பொலிஸ் அறிக்கை கேட்டால் சுத்தமாகத்தான் வரும், பொலிஸுக்குப் போகாத விஷயமல்லவா! தொல்லை விட்டால் போதும் என்று பழைய அதிபர் எழுதிக்கொடுத்த நற்சான்றிதழும் பையில் இருக்கும்.

அமெரிக்காவிலும் இதே கதை நடந்திருக்கிறது. அங்கே பென்சில்வேனியா மாநிலம் 2014இல் 168ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிள்ளைகளோடு நேரடியாகப் பழகும் பாடசாலை வேலைக்கு வருபவர், முன்பு வேலை செய்த பாடசாலைகளையெல்லாம் எழுதிக்கொடுக்க வேண்டும். புதிய பாடசாலை விசாரித்தால் அவை 20 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நல்லெண்ணத்தில் சொன்ன தகவலுக்காகச் சொன்னவர்மீது வழக்குப் போட முடியாது. “நீங்களாக விலகிவிடுங்கள், நாங்கள் வெளியில் சொல்லமாட்டோம்” என்று உடன்படிக்கை எழுதுவதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். நம் ஊரில் அப்படி எழுதக்கூடத் தேவையில்லை, தலையாட்டினாலே போதும்.

நமக்கும் சட்டம் வேண்டும். ஆனால் மாகாண சபையின் காலம் 2018இலேயே முடிந்துவிட்டது. புதிய சபை கூடி நியதிச்சட்டம் (மாகாணச் சட்டம்) இயற்றட்டும் என்று இருந்தால் இன்று முதலாம் ஆண்டில் இருக்கும் பிள்ளை சாதாரண தரமே எழுதிவிடும். மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவோடு பேசி இப்போதைக்கு ஒரு சுற்றறிக்கையாவது அனுப்புங்கள். பிள்ளைகள் தொடர்பான விசாரணை ஏதும் நடந்ததா, முடிவு என்ன, முடியுமுன்னே இடமாற்றம் கேட்டாரா என்பதை விடுவிக்கும் அதிபரும் வலயக் கல்விப் பணிப்பாளரும் ஒரு படிவத்தில் எழுதிக் கையொப்பமிட்டுப் புதிய அதிபருக்கு அனுப்பட்டும். தனியார் நிறுவனம் எழுத்தில் கேட்டாலும் அதே பதில் போகட்டும். தெரிந்தே மறைத்தவரிடம் விளக்கம் கேளுங்கள்.

ஆசிரியர் சங்கங்கள் மொட்டைக் கடிதங்களைப் பற்றிச் சொல்வார்கள். அது நியாயமான பயம். தொழிற்சங்கப் பகையிலும் காணிச் சண்டையிலும் நல்ல ஆசிரியர்கள்மீது பெட்டிஷன் போன கதைகள் எங்களுக்கும் தெரியும். ஆகவே பெயர் போடாத கடிதமும் ஊர்ப்பேச்சும் படிவத்தில் ஏறக்கூடாது. விசாரித்தது மட்டும் ஏறட்டும், பிரதியை ஆசிரியருக்குக் கொடுங்கள், அவர் எழுதும் பதிலையும் கூடவே இணையுங்கள்.

1929க்கு அழைக்கலாமே என்பீர்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் அந்த இலக்கம் வேண்டியதுதான். ஆனால் தன் பிள்ளைக்காக அழைக்கும் தாய்க்கு, அந்த ஆசிரியர் அடுத்து எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்று எப்படித் தெரியும்? அது உங்கள் அலுவலகத்துக்குத்தான் தெரியும். ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, விட்டுவிட்டு பஸ் ஏறி வலயக் கல்வி அலுவலகத்துக்கு வருபவளிடம் முறைப்பாட்டை எழுத்தில் வாங்கி, இலக்கமிட்டுப் பிரதி கொடுக்கச் சொல்லுங்கள். முதல் தாளே இல்லாவிட்டால் படிவத்தில் நிரப்ப ஒன்றும் இருக்காது.

படிவத்தைத் தமிழிலும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மஸ்கெலியாப் பக்கத்துப் பெற்றோர் ஒருவர்