கல்வெட்டு படிக்கக் கற்றுத்தரும் வகுப்பை மூட வேண்டாம்: உயர்கல்வித் துறைச் செயலருக்கு மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கல்வெட்டியல் முன்னாள் மாணவர்கள் சார்பில்.
(பெயர், முகவரி, பல்கலைக்கழகத்தின் பெயர் எல்லாம் நேரில் கொடுத்த பிரதியில் உள்ளன. பலரும் படிக்கப் பகிரும் இந்தப் பிரதியில் எடுத்துவிட்டேன். அங்கே இன்னும் வேலை பார்க்கிறவர்களுக்குச் சங்கடம் வரக் கூடாது.)

பெறுநர்
அரசுச் செயலர் அவர்கள்,
உயர்கல்வித் துறை,
தலைமைச் செயலகம்,
சென்னை - 600 009.

பொருள்: மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.ஏ. கல்வெட்டியல் சேர்க்கை நிறுத்தப்பட்டதை ரத்து செய்யவும், நிலுவையில் உள்ள தொகுப்பு நல்கையை (பல்கலைக்கழகத்துக்கு அரசு மொத்தமாகத் தரும் நிதி) விடுவிக்கவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய செயலர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் 34 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் வரலாறு நடத்தி, 2022இல் ஓய்வுபெற்றேன். எம்.ஏ. கல்வெட்டியல் படித்தது தங்கள் துறையின் கீழ் வரும் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில். அந்த வகுப்புக்கு இந்தக் கல்வியாண்டில் சேர்க்கை கிடையாது என்று போன மாதம் பதிவாளர் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. தத்துவம், மொழியியல் முதுகலைப் படிப்புகளுக்கும் அதே கதிதான். காரணம் இரண்டு சொல்கிறார்கள்: நிதி நெருக்கடி, 15 பேருக்குக் குறைவான சேர்க்கை. "மூடுகிறோம்" என்ற சொல் சுற்றறிக்கையில் எங்கும் இல்லை, "தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படுகிறது" என்றுதான் இருக்கிறது. எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த இரவு ஒன்பது மணி டவுன் பஸ்ஸையும் தற்காலிகமாகத்தான் நிறுத்தினார்கள். ஆறு வருடம் ஆகிறது.

மற்ற இரண்டு துறைகளுக்காக அங்கே படித்தவர்கள் தனியாக மனு தருகிறார்கள். எனக்குத் தெரிந்தது கல்வெட்டு. அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

என்னிடம் பிளஸ் டூ படித்த பெண் ஒருத்தி. அப்பா நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர். 2022இல் பக்கத்து டவுன் கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தாள். அந்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் முதலில் பணம் பெற்றவர்களில் அவளும் உண்டு. மாதம் 1,000 ரூபாய் பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் சரியாகப் போயிற்று. டிகிரி முடிந்த கையோடு, "சார், நான் கல்வெட்டு படிக்கப் போறேன்" என்று வந்து நின்றாள். அரசு வேலைக்குப் பரீட்சை எழுதாமல் இது எதற்கு என்று நானே கேட்டிருப்பேன். ஆனால் அந்த ஆசை எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். நானும் அந்த இடத்தில் இருந்தேன்.

அவர்கள் ஊர்க் குளத்துப் படித்துறையில் ஒரு பலகைக் கல் உண்டு. தலைமுறை தலைமுறையாகத் துணி துவைத்த கல். இரண்டு வருடத்துக்கு முன் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் தன் மாணவர்கள் ஏழு பேருடன் அதைப் படியெடுக்க வந்தார். தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்துக் கழுவி, நனைத்த கனமான தாளைக் கல்மேல் பரப்பி, பிரஷால் தட்டித் தட்டித் தாளை எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். ஓங்கித் தட்டினால் தாள் கிழியும், மெல்லத் தட்டினால் எழுத்து ஏறாது. அப்புறம் துணிப் பொதியில் மையைத் தொட்டு மேலே ஒற்றிக்கொண்டே வந்தால் சுற்றிலும் கறுத்து, எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். இரண்டு மணி நேரம் வெயிலில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் இந்தப் பெண்ணும் ஒருத்தி. அம்மா துவைத்த கல்லில் எழுத்து கிளம்பியதைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

அதில் "சாவா மூவாப் பேராடு தொண்ணூறு" என்று ஒரு வரி. பையன்கள் சிரித்தார்கள். சாகாத, கிழடு தட்டாத ஆடா? ஆசிரியர் விளக்கினார். கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிவதற்காக 90 ஆடு கொடுத்திருக்கிறார்கள். ஆடு சாகும், குட்டியும் போடும், ஆனால் கணக்கில் 90 குறையக் கூடாது. ஆட்டை ஏற்றுக்கொண்ட இடையர் தினமும் உழக்கு நெய் அளக்க வேண்டும். எழுத்தை மட்டும் கூட்டிப் படித்தவருக்கு இது விளங்காது. பழைய கல்லில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, எகரமா ஏகாரமா என்று இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நடுவில் வடமொழிக்கான கிரந்த எழுத்து வரும். வேலி, மா, குழி என்று நில அளவும், அதற்கான குறியீடுகளும் வரும். கல்வெட்டின் முகப்பில் அரசன் புகழ் சொல்லும் மெய்க்கீர்த்தி "திருமகள் போல" என்று தொடங்கினால் முதலாம் ராஜராஜன் என்று சட்டெனப் பிடிபடுவதற்கே ஒரு வருடம் வாத்தியார் பக்கத்தில் உட்கார வேண்டும்.

சரி, இப்போது நடந்தது என்ன? அந்தப் பெண் ஆன்லைனில் விண்ணப்பம் போடப் போனாள். பாடப் பட்டியலில் கல்வெட்டியல் இல்லை. நேரில் போய்க் கேட்டாள். "அந்தக் கோர்ஸ் போர்ட்டல்லயே இல்லம்மா, ஹிஸ்டரி போட்டுக்கோ" என்றார்களாம். போன ஆண்டு 11 பேர் சேர்ந்திருந்தார்கள். அறிவிப்பு தாமதமாக வந்தது, வெளியூர்ப் பெண்களுக்கான விடுதியில் பாதி அறைகள் பழுதென்று பூட்டிக் கிடக்கின்றன, ஏழு ஆசிரியர் பணியிடங்களில் ஒருவர்தான் நிரந்தரம். இவ்வளவுக்கும் நடுவில் 11 பேர் வந்ததே பெரிது. போர்ட்டலில் பெயரை எடுத்துவிட்டு, ஆள் சேரவில்லை என்று காரணம் எழுதுவது எந்த வகை நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

நிதி நெருக்கடி பொய் என்று நான் சொல்லவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களும் ஊழியர்களும் சம்பளம் கேட்டுப் போராடியதை எல்லோரும் பார்த்தோம். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை முடக்கியது. கேட்ட வரி 424 கோடி ரூபாய். அதற்கு முன்பே, 2013இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தனிச் சட்டம் போட்டு அரசு எடுத்துக்கொள்ள வேண்டி வந்தது. அங்கிருந்த மிகுதியான ஊழியர்களை வேறு வேறு இடங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்த கதையும் தங்களுக்குத் தெரியும்.

பல்கலைக்கழகங்கள் மீது தவறே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். தொலைநிலைக் கல்வியில் பணம் கொட்டிய காலத்தில் அதை நம்பியே செலவை ஏற்றிக்கொண்டார்கள். எல்லை தாண்டி மையம் நடத்தக் கூடாது, குறிப்பிட்ட தர மதிப்பெண் இல்லாமல் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி கயிற்றை இறுக்கியதும் வரவு சரிந்தது. ஓய்வூதியச் சுமை மட்டும் அப்படியே நின்றது. 2003 ஏப்ரலுக்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்கான பழைய ஓய்வூதியத்தைப் பல்கலைக்கழகம் தன் வரவிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. இதற்கு மேல் தணிக்கைத் தடைகள், அதாவது கணக்குத் தணிக்கையில் எழுப்பிய ஆட்சேபணைகள். பல ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துவிட்ட தடைகளைக் காட்டித் தொகுப்பு நல்கையைப் பிடித்து வைக்கிறார்கள். யாரோ ஒரு பதிவாளர் எப்போதோ விதி மீறி ஊதியம் நிர்ணயித்தார் என்றால், அதற்கான தண்டனை இந்த ஆண்டு எம்.ஏ. சேர வந்த பெண்ணுக்கு வந்து சேர்கிறது.

இதில் ஒரு சிக்கலைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். ஒரு பல்கலைக்கழகம் "பெருமளவு அரசு நிதியில் நடக்கிறது" என்று காட்டினால் அதற்கு வருமான வரி விலக்கு எளிதாகக் கிடைக்கும். அதற்கான அளவுகோல், ஆண்டின் மொத்த வரவில் அரசு நல்கை 50 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது. அரசு நல்கையைக் குறைத்தால் அந்த 50 சதவீதம் எட்டாது. எட்டாவிட்டால் வரி கேட்டு நோட்டீஸ் வரும். அதாவது, கொடுக்காத பணத்துக்கும் சேர்த்துப் பல்கலைக்கழகம் அடி வாங்கும். நல்கையை நிறுத்தி வைக்கும் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கிறார்களா என்று தெரியவில்லை. விளக்கு அணையாமலிருக்க ஆட்டின் எண்ணிக்கை குறையக் கூடாது என்று எழுதி வைத்த கல்லைப் படித்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

இப்போது மிச்சமாகும் பணத்தைப் பார்ப்போம். இந்த வகுப்பை நிறுத்துவதால் மிச்சமாவது இரண்டு கௌரவ விரிவுரையாளர்களின் தொகுப்பூதியம். அரசுக் கல்லூரிகளில் தருவதுபோல் மாதம் 25,000 என்று வைத்தாலும் ஆண்டுக்கு 6 லட்சம்தான். கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 வரை தரலாம் என்று யுஜிசி 2019இலேயே சொல்லியிருக்கிறது, அதைக் கேட்டு இந்த மனு வரவில்லை. நிரந்தரமாக இருக்கும் பேராசிரியரின் சம்பளம் வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் போகத்தான் போகிறது. 2025-26 பட்ஜெட்டில் உயர்கல்விக்கு ஒதுக்கியது 8,494 கோடி ரூபாய். அதில் இந்த 6 லட்சம் எங்கே இருக்கிறது என்று தேட பூதக்கண்ணாடி வேண்டும்.

இதே ஆண்டு ஜனவரியில், சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுகிறவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று முதலமைச்சர் அறிவித்தார். அதே மாதம் 23ஆம் தேதி, தமிழ்நிலத்தில் இரும்பு 5,300 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்று அறிவித்தபோது, அகழாய்வு நடந்த சிவகளை என்ற ஊரின் பெயர் உலகம் முழுக்கப் போயிற்று. கீழடி அருங்காட்சியகத்துக்கு நானே மூன்று தடவை பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். மைசூரில் மத்தியத் தொல்லியல் துறையிடம் இருக்கும் தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னபோது எங்கள் வாட்ஸப் குழுவில் இனிப்பு படமாகப் பறந்தது. இதையெல்லாம் குறை சொல்லவில்லை, சந்தோஷம்தான். ஆனால் கொண்டுவந்த படிகளை யார் படிப்பது? படியெடுத்து அச்சேறாமல் கிடப்பவை ஒரு பக்கம். படியே எடுக்காமல், திருப்பணி என்ற பெயரில் பெயின்ட் அடித்தும் கல்லைத் திருப்பிப் போட்டும் அழிபவை இன்னொரு பக்கம். எங்கள் வட்டாரத்திலேயே ஒரு சிவன் கோயிலின் அதிட்டானத்தில், அதாவது அடிப்பீடத்தில், பாதி வரி டைல்ஸுக்குள் போய்விட்டது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவரும் அந்த வகுப்பில் படித்த ஒரு பையன்தான். அவன் இப்போது மெடிக்கல் ரெப்.

"எம்.ஏ. வரலாற்றில் கல்வெட்டியல் ஒரு தாளாக இருக்குமே" என்று பதில் வரலாம். ஒரு தாளுக்குப் பருவத்துக்கு அறுபது மணி நேரம் இருந்தால் அதிகம். அதற்குள் தமிழ் பிராமி, வட்டெழுத்து, கிரந்தம் என்று பெயர்களைச் சொல்லிவிட்டுப் போகலாம், குளத்துக்குக் கூட்டிப் போக முடியாது. சென்னையில் தொல்லியல் துறையின் நிறுவனம் இருக்கிறது, தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது என்றும் சொல்லலாம். உண்மை. அவை நல்ல இடங்கள், ஆனால் ஆண்டுக்குச் சிறு வகுப்புதான். காலையில் பஸ் ஏறிச் சாயங்காலம் வீடு திரும்ப முடிந்தால்தான் அனுப்புவேன் என்று சொல்லும் அப்பாக்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு சண்டை போட்டு மாற்ற வேண்டும்தான், ஆனால் அதுவரை அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள்?

துணைவேந்தர் நியமனம் நீதிமன்றத்தில் நிற்பதால் இந்தப் பல்கலைக்கழகத்தை இப்போது ஒருங்கிணைப்புக் குழுதான் நடத்துகிறது. தங்கள் துறை நினைத்தால் ஒரே கடிதத்தில் மாற்றக்கூடிய விஷயம் என்பதால்தான் நேரடியாகத் தங்களிடம் வருகிறேன். முதலாவதாக, இந்த ஆண்டே கல்வெட்டியல் சேர்க்கையைத் திறந்து, ஆகஸ்ட் கடைசி வரை விண்ணப்பம் வாங்க உத்தரவிட வேண்டும். 15 பேர் என்ற நிபந்தனையை இந்த மாதிரி அரிதான பாடங்களுக்கு ஐந்தாகக் குறைத்து, மூன்றாண்டு பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கல்விப் பேரவையிலும் ஆட்சிக்குழுவிலும் வைக்காமல், துறைத் தலைவரிடம்கூடக் கேட்காமல், சுற்றறிக்கை ஒன்றால் ஒரு படிப்பை நிறுத்தக் கூடாது என்று எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் தெளிவுபடுத்த வேண்டும். தணிக்கைத் தடைகளைத் தீர்க்க எல்லாத் தரப்பும் உட்கார்ந்து பேசும் கூட்டமர்வுக்குத் தேதி குறித்து, தடையில் சேராத நல்கைத் தொகையையாவது முதலில் விடுவிக்க வேண்டும். ஓய்வூதியத்தை அரசுக் கருவூலம் வழியாகக் கொடுப்பது பற்றிப் பேச்சு பல வருடமாக நடக்கிறது. அது பெரிய முடிவு, ஒரு மனுவில் ஆகாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன், ஏனென்றால் அது தீராமல் அடுத்த ஆண்டு வேறொரு துறையின் பெயர் போர்ட்டலிலிருந்து காணாமல் போகும்.

எந்த வியாழக்கிழமை அழைத்தாலும் வருகிறேன். முன்னாள் மாணவர்கள் நான்கு பேர் வருவார்கள், சேரக் காத்திருக்கும் ஒன்பது பேரின் கையெழுத்து இத்துடன் இருக்கிறது. குளத்துக் கல்லின் மைப்படியையும் கொண்டுவருகிறேன். ஆறடி நீளம், சுருட்டித்தான் எடுத்து வர வேண்டும், பாதுகாப்புச் சோதனையில் அதைப் பிரிக்கச் சொன்னால் கிழிந்துவிடும். வாசலில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

நாள்: 16.06.2025

இணைப்பு: சுற்றறிக்கையின் நகல், மாணவர் கையெழுத்துப் பட்டியல்.

நகல்: பதிவாளர் அவர்கள், ஒருங்கிணைப்புக் குழு உறுப்பினர்கள்.