வாரப் பதிவுத் தாளை விட்டுவிடுங்கள்

வீட்டுக்கல்விப் பெற்றோர் குழுவின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது உங்களுக்கே தெரியும். வாரம் முழுக்க என்ன படித்தோம் என்று பதிவுத் தாளை நிரப்பிக் கொண்டுவந்த பிள்ளைகளின் பெயருக்கு நேரே, பலகையில் நட்சத்திரம் ஒட்டினீர்கள். என் மகள் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கவும் செய்தீர்கள். அவளுக்கு எட்டு வயது. வீடு வந்து சேரும்வரை வாய் திறக்கவில்லை. அங்கேயே கேட்டிருக்க வேண்டும். பிள்ளைகள் முன்னால் சண்டை எதற்கு என்று இருந்துவிட்டேன்.

அந்த வாரம் அவள் சும்மா இருக்கவில்லை. பழைய பெயின்ட் டப்பாவில் மண்ணைப் போட்டு ஒரு குச்சியை நட்டு, முற்றத்தில் விழும் நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் நாள் அரை மணிக்கு ஒரு கோடு. மறுநாள் கால் மணிக்கு ஒன்று. சரியாகப் பன்னிரண்டு மணிக்குத்தான் நிழல் ரொம்பக் குட்டையாக இருக்கும் என்று நான் பெரிய மேதாவி மாதிரி சொல்லிவைத்திருந்தேன். கோடுகளைப் பார்த்தால் பன்னிரண்டே காலுக்குத்தான் குட்டை. “அம்மா, கடிகாரம் தப்பா, வெயில் தப்பா?” என்று கேட்டாள். கடிகார நேரம் ஒரு பெரிய பரப்புக்கே பொதுவானது. சூரியன் உச்சிக்கு வரும் நேரமோ இடத்துக்கு இடம், நாளுக்கு நாள் மாறும். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் பாதியையாவது அவளே பிடித்திருப்பாள்.

அந்த நேரம் பார்த்து உங்கள் தாளோடு போய் நின்றேன். பாடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், மதிப்பெண். இது கணக்கா, அறிவியலா, புவியியலா?

“இதையும் எழுதணுமா?”

ஆமாம் என்றேன். சாக்பீஸைக் கீழே வைத்தாள். தாளிலும் எழுதவில்லை, மறுநாள் குச்சிப் பக்கமும் போகவில்லை. தாளை நீட்டியது என் கைதான், அந்தத் தப்பு என்னுடையது. ஆனால் உங்கள் பலகை இல்லையென்றால் நீட்டியிருக்க மாட்டேன். அதனால்தான் கேட்கிறேன்: தாளை விட்டுவிடுங்கள், பலகையைக் கழற்றுங்கள்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்களின் ஆய்வு 1973-இல் வெளியானது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் சிலரிடம், வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு இஷ்டப்படி விளையாட விட்டபோது, பரிசுக்காக வரைந்த அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். பரிசு என்ன தெரியுமா? தங்க நட்சத்திரம் ஒட்டிய ஒரு சான்றிதழ்.

தாள் இல்லையென்றால் பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்கள் என்று சொல்வீர்கள். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டர் நகரப் பள்ளிகளுக்குக் கண்காணிப்பாளராக இருந்த பெனசெட், 1929-இல் தொடங்கிச் சில வகுப்புகளில் முறையான கணக்குப் பாடத்தை ஆறாம் வகுப்பு வரை தள்ளிப்போட்டார். அதுவரை பேச, வாசிக்க, அளந்து பார்க்க விட்டார். ஆறாவதில் கணக்கைத் தொடங்கிய பிள்ளைகள் அந்த ஒரே ஆண்டில் மற்றவர்களை எட்டிப்பிடித்தார்கள். பள்ளிக்கூடத்துக்குள் உட்கார்ந்துகொண்டே ஒருவருக்கு இருந்த துணிச்சல், அதைவிட்டு வெளியே வந்த நமக்கு இல்லை.

கால அட்டவணை வந்துவிட்டது, மதிப்பெண் வந்துவிட்டது, பலகையும் வந்துவிட்டது. இனி மணியும் சீருடையும்தான் பாக்கி. அப்படியே ஒரு பிரம்பும் வாங்கிவிட்டால் அலைச்சல் மிச்சம்.

மன்னிக்கவும், கோபத்தில் வந்துவிட்டது. நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று தெரியும். பிள்ளை என்ன படிக்கிறது என்று சொந்தக்காரர்கள் துளைக்கும்போது, கையில் காட்ட ஒரு தாள் இருந்தால் தேவலை என்று எனக்கும் தோன்றும். ராத்திரியில் பயமும் வரும். அந்தப் பயத்துக்கு மருந்து நமக்குத்தான் வேண்டும், பிள்ளைகளுக்கு இல்லை. குறிப்பு வேண்டுமென்றால் பெரியவர்கள் நாமே வாரக் கடைசியில் நாலு வரி எழுதி வைத்துக்கொள்வோம். அதில் மதிப்பெண் வேண்டாம், பிள்ளையிடம் காட்டவும் வேண்டாம்.

தயவுசெய்து தாளையும் பலகையையும் விட்டுவிடுங்கள். வரும் சனிக்கிழமைக்கு முன் ஒரு பதில் சொன்னால் நன்றாக இருக்கும். அவளைக் கூட்டிவருவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்ய வேண்டும். பெயின்ட் டப்பாவும் குச்சியும் முற்றத்தில் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. நான் எடுக்கவில்லை.

நன்றியுடன்,
குழுவில் உள்ள ஒரு தாய்